கடல் நிறத்தில் கார்பன் கணக்கு

2004 செப்டம்பர் நடுவில், கொல்லம் தொடங்கி விழிஞ்ஞம் வரை கடலோரத்தில் ஒரு துர்நாற்றம் கிளம்பியது. குமட்டல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று 200 பேருக்கு மேல் அவதிப்பட்டார்கள், குழந்தைகள்தான் அதிகம். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடல் நீரை எடுத்துப் பார்த்துக் காரணம் சொன்னார்கள்: உடம்பில் சுண்ணாம்புச் செதில்களைப் போர்த்திக்கொண்ட நுண்பாசி ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தது. அந்த அமளி அடங்குவதற்குள் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடல் சிவந்தது. அது வேறொரு நுண்ணுயிர், நாக்டிலூகா.

திருவனந்தபுரம் நகருக்குள் இருக்கும் ஆரியசாலையிலிருந்து அந்தக் கடல் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் பெருங்காயமும் வற்றல் மிளகாயும் மணக்கும் சாலை பஜாரில் கடலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? சாளை மீன் விலை ஏறினால் பேச்சு வரும். இல்லையென்றால் இப்படி நாற்றமடித்தால் வரும். அந்த நாற்றத்துக்குக் காரணமான இனத்தின் உறவுக்கூட்டம்தான் பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்கிறது என்பது எளிதில் நம்பக்கூடியதாக இல்லை.

பைட்டோபிளாங்டன் எனப்படும் தாவர மிதவையுயிர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 1998இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, நிலமும் கடலும் சேர்ந்து ஆண்டுக்கு சுமார் 10,500 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக்குகின்றன. அதில் கடலின் பங்கு 4,850 கோடி டன். காடு, வயல், புல்வெளி எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் இந்த மிதவையுயிர்களின் மொத்த எடை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் இவ்வளவு உற்பத்தி எப்படி? ஒரு வாரத்துக்குள் பிறந்து, பெருகி, தின்னப்பட்டு, அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. நம் கணக்குக் குழப்பங்களெல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அன்றைய வியாபாரம் எவ்வளவு என்று சொல்லிவிட முடியுமா? விற்க விற்கச் சரக்கு வந்துகொண்டே இருக்கும் கடையில் மூட்டை எப்போதும் பத்துதான் இருக்கும். செயற்கைக்கோள் பார்ப்பது மூட்டையைத்தான். நமக்கு வேண்டியது வியாபாரம். அதிலும், எவ்வளவு ஆழ்கடலுக்கு இறங்கியது என்பது இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிற கேள்வி.

முதலில் மூட்டையை எண்ணுவது எப்படி என்று பார்ப்போம். பச்சையம் நீல ஒளியை விழுங்கும், பச்சை ஒளியை விட்டுவிடும். மிதவையுயிர் குறைந்த நீர் நீலமாகத் தெரிவதும், மிகுந்த நீர் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். கடலிலிருந்து மேலே வரும் ஒளியில் 443 நானோமீட்டர் நீலத்துக்கும் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் பச்சையத்தின் அளவை மதிப்பிடலாம். 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன அமெரிக்கக் கருவி இதை முதலில் செய்துகாட்டியது. இந்தியாவின் முறை 1999 மே 26 அன்று வந்தது. பி.எஸ்.எல்.வி.-சி2 ராக்கெட் ஓஷன்சாட்-1ஐச் சுற்றுப்பாதையில் விட்டது. அந்த ராக்கெட்டை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு. நம் ஊர்க் கடற்கரையில் உருவான ராக்கெட் தூக்கிச் சென்ற கருவி, 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதே கடலின் நிறத்தைப் பார்த்தது. எட்டு அலைவரிசைகள், 1,420 கிலோமீட்டர் அகலப் பார்வை, 360 மீட்டருக்கு ஒரு புள்ளி. 2009 செப்டம்பரில் ஓஷன்சாட்-2 போனது. 2022 நவம்பரில் போன மூன்றாவதில் அலைவரிசைகள் பதின்மூன்று.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவிக்குள் வந்து விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வருவதே அல்ல; காற்றும் தூசும் சிதறடித்துவிட்ட வெயில். அந்தத் தொண்ணூறு விழுக்காட்டைச் சரியாகக் கழித்த பிறகுதான் மிச்சத்தில் கடல் இருக்கிறது. கழித்தலில் சிறு பிசகு ஏற்பட்டாலும் பச்சையக் கணக்கு பெரிதாகப் புரண்டுவிடும். இதற்கு ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார்கள். அகச்சிவப்புக்கு நெருங்கிய 765, 865 நானோமீட்டர் ஒளியைத் தெளிந்த கடல் முழுக்க விழுங்கிவிடும். அந்த அலைவரிசைகளில் ஏதாவது தெரிந்தால் அது காற்றின் வேலை. அதை வைத்து மற்ற அலைவரிசைகளில் காற்றின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று கணித்துக் கழிக்கிறார்கள்.

தெளிந்த கடல் என்று சொன்னேனே, அங்கேதான் நம் ஊர் குறுக்கிடுகிறது. சாலை பஜாரின் கிழக்குக் கோடியில் கிள்ளிப்பாலம். அதன் கீழே ஓடும் கிள்ளியாறு கரமனையாற்றில் சேர்ந்து, கோவளத்துக்கு வடக்கே பனத்துறையில் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுபோய்க் கொட்டும் மண்ணும், மக்கிய இலைதழைகளின் பழுப்புச் சாயமும் கடலின் நிறத்தை மாற்றிவிடும். மண், அகச்சிவப்பை ஒட்டிய ஒளியையும் திருப்பியனுப்பும். அதனால் காற்றுக் கணக்கு பிசகும். பழுப்புச் சாயம் நீல ஒளியை விழுங்கும். அதைப் பச்சையம் என்று எண்ணிச் சூத்திரம் ஏமாந்துபோகும். நகரத்துச் சாக்கடைக் கலங்கல், விண்ணிலிருந்து பார்த்தால் வளமான கடலாகத் தெரியக்கூடும். ஆகவே கரையை ஒட்டிய புள்ளிகளை ஆய்வாளர்கள் அரை நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் கடலுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கேரளக் கடலுக்கு வளமான காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கித் தள்ளும்போது மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, நைட்ரேட் மிகுந்த நீர் மேலே வருகிறது. இந்த மேலெழுச்சி கன்னியாகுமரிப் பக்கம் முதலில் தலைகாட்டி, வாரக்கணக்கில் வடக்கே நகர்கிறது. டயட்டம் என்னும் சிலிக்கா ஓட்டு நுண்பாசிகளுக்கு அது விருந்துக்காலம். ஆனால் பருவமழை என்றால் மேகம். ஜூலை மாதத்து ஓஷன்சாட் படத்தில் திருவனந்தபுரம் கரையைத் தேடினால் வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கடல் தெரியும். வருடத்தின் உற்பத்தியில் பெரும்பங்கு நடக்கும் மாதங்களில் கருவிக்குக் கண் மூடிவிடுகிறது. ஜனவரியில், கடல் ஏழையாக இருக்கும்போது, பளிங்குபோலப் படம் கிடைக்கும்.

இதற்கு மருந்து, பல செயற்கைக்கோள்களின் படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. ஒன்றுக்குத் தெரியாத இடைவெளி இன்னொன்றுக்குத் தெரிந்திருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமை 1997 முதலான தரவுகளை இப்படி இணைத்து ஒரே தொடராகக் கொடுக்கிறது. அதன் அறிவியல் பொறுப்பை இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்திலிருந்து வகித்தவர் இந்தியரான சுபா சத்தியேந்திரநாத். இவரும் ட்ரெவர் பிளாட்டும் 1988இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் செயற்கைக்கோள் பச்சையத்திலிருந்து கடலின் உற்பத்தியைக் கணிக்கும் வழியை ஒழுங்குபடுத்திய முன்னோடிகளில் ஒன்று. கடல் முழுக்க ஒரே விதி செல்லாது. கடலை மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிதவையுயிர்கள் ஒளிக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று கப்பலில் அளந்து அந்த எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வழி. அந்த வழியில் வந்தவர்கள் வரைந்த வரைபடத்தில் இந்தியாவின் மேற்குக் கரை தனி மாகாணம்.

கப்பலில் அளப்பது என்றால் என்ன? கடல் நீரைப் புட்டிகளில் பிடித்து, அதில் சிறிதளவு கதிரியக்கக் கார்பன்-14 கலந்த பைகார்பனேட்டைச் சேர்த்து, சில மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். பிறகு வடிதாளில் வடிகட்டி, தாளில் தங்கிய உயிர்களுக்குள் எவ்வளவு கார்பன்-14 போயிருக்கிறது என்று எண்ணுவார்கள். டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1950களின் தொடக்கத்தில் கலாத்தியா கப்பல் பயணத்தில் கையாண்ட முறை இது. இன்றுவரை செயற்கைக்கோள் கணக்குகளுக்கெல்லாம் உரைகல் இந்தப் புட்டிகள்தான். பச்சையத்துக்கும் அப்படியே. ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, வடிதாளை அசிட்டோனில் ஊறப்போட்டு, இருட்டில் குளிரவைத்து, மறுநாள் அந்தப் பச்சைச் சாற்றை அளக்கிறார்கள்.

புட்டிகள் சில ஆயிரம், கடலோ பரந்தது. இடையில் இருப்பது சூத்திரம். அதிகம் புழங்குவது பெரன்ஃபெல்ட், பால்கவுஸ்கி இருவரும் 1997இல் கொடுத்தது. பச்சையம், பகல் நேரம், வெயிலின் வலு, ஒளி எட்டும் ஆழம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. கூடவே ஒரு முக்கிய எண்: ஒரு மில்லிகிராம் பச்சையம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம் கார்பனைப் பிடிக்கும் என்பது. இதைச் செயற்கைக்கோள் பார்க்க முடியாது. ஆகையால் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையை வைத்து ஊகிக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தில் அந்த எண் 20 டிகிரியில் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் இறங்குகிறது. காரணம், வெப்பக் கடல்கள் பெரும்பாலும் ஊட்டம் குறைந்தவை. வெப்பம் கூடக்கூட வளர்ச்சி வேகமும் கூடும் என்ற எப்ளியின் பழைய விதியை இதே சூத்திரத்தில் பொருத்தினால் கதை வேறு. மார்ச், ஏப்ரலில் நம் கடல் தொடும் 29 டிகிரியில் முதல் வழி தரும் எண் 4. இரண்டாவது வழி தருவது 8க்கு மேல். படம் ஒன்றே, பச்சையம் ஒன்றே. விடை இரண்டு மடங்கு விலகுகிறது. செய்தித்தாளில் 'கடல் உற்பத்தி இவ்வளவு' என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எந்தச் சூத்திரத்தில் போட்டது என்று கேட்காமல் நான் மேலே படிப்பதில்லை.

மேலும், செயற்கைக்கோள் பார்ப்பது மேல்மட்டம் மட்டுமே. தெளிந்த நீரில் இருபது, முப்பது மீட்டர். பச்சை மண்டிய நீரில் சில மீட்டர். பருவமழைக்கு முந்தைய அரபிக்கடலில் மேலே ஊட்டம் தீர்ந்துபோன பிறகு, மிதவையுயிர்கள் ஐம்பது மீட்டருக்கும் கீழே அடர்ந்து வாழ்கின்றன. விண்ணிலிருந்து பார்த்தால் அது வெறும் நீலக் கடல்.

2004இல் சிவந்த நாக்டிலூகாவும் இங்கே ஒரு பாடம். நம் கரையில் வரும் சிவப்பு வகைக்குப் பச்சையமே கிடையாது. அது டயட்டங்களைத் தின்று கொழுக்கும் உயிர். கடல் நிறம் மாறியிருக்கிறது என்பதாலேயே அங்கே உற்பத்தி நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பு நடந்த உற்பத்தியைச் சாப்பிடும் கூட்டமாகவும் அது இருக்கலாம்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் முடிவுகள் துணிச்சலாகவே வந்தன. 2005இல் ஜோக்கிம் கோயஸும் உடன் ஆய்வாளர்களும் அரபிக்கடல் வளமாகிறது என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இமயமலைப் பகுதியில் பனி குறைகிறது, நிலம் கூடுதலாகச் சூடாகிறது, கோடைப் பருவக்காற்று வலுக்கிறது, மேலெழுச்சி கூடுகிறது. மேற்கு அரபிக்கடலில் கோடை மிதவையுயிர்கள் 300 விழுக்காட்டுக்கு மேல் பெருகிவிட்டன என்பது வாதம். தரவு 1997 முதல் 2004 வரை. இரண்டே ஆண்டில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சத்ய பிரகாஷும் ஆர். ரமேஷும், அரபிக்கடல் உண்மையில் வளமாகிறதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து மறுத்து எழுதினார்கள். 2016இல் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு எதிர்த்திசையில் போனது: மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் மிதவையுயிர்கள் 20 விழுக்காடு வரை குறைந்திருக்கின்றன, மேல்நீர் சூடாகி, அடிநீரோடு கலக்காமல் மூடிபோல மிதப்பதுதான் காரணம். அறுபது ஆண்டுக்குச் செயற்கைக்கோள் ஏது? முந்திய பகுதிக்குக் கணினி மாதிரிகள். ஏழாண்டுத் தொடரில் தெரிந்த ஏற்றம் நீண்ட தொடரில் நிற்கவில்லை. கோயஸ் குழுவின் எண்கள் பொய்யல்ல. எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் ஊசலாட்டமும் புகுந்து விளையாடும் கடலில் ஏழாண்டு என்பது மிகக் குறுகிய காலம். என் பார்வையில் ராக்ஸி குழு சொல்லும் திசை நம்பத் தக்கது. அந்த 20 என்ற எண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மீனவர்களுக்கு இந்த நீண்டகாலச் சண்டையைவிட நாளைக் காலைக் கடல் முக்கியம். ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் நீரின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் வைத்து மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. சாளைக்கும் மிதவையுயிருக்கும் உள்ள தொடர்பு செயற்கைக்கோளுக்கு முன்பே தெரிந்த ஒன்று. ஃப்ராஜிலேரியா ஓஷியானிக்கா என்ற டயட்டம் கடலில் மிகுந்தால் சாளையும் மிகும் என்று 1955இலேயே ஆர்.வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கயிறு அவ்வளவு நேரானதல்ல. கேரளத்தில் 2012இல் சுமார் 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்டது; 2021இல் 3,297 டன். கடலின் பச்சை அப்படி நூற்றில் ஒன்றாகச் சரியவில்லை. குஞ்சுகள் பிறக்கும் வாரமும் மிதவையுயிர்கள் பெருகும் வாரமும் பொருந்தி வருகிறதா என்பதுதான் பெரிய கேள்வியாக நிற்கிறது. மேகம் மூடியிருக்கும் வாரங்களும் அவைதான்.

இனி ஆழத்துக்குப் போவோம். மேலே பிடிக்கப்பட்ட கார்பனில் பெரும்பகுதி மேலேயே தின்னப்பட்டு மறுபடி கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் செத்த உடல்களாக, விலங்கு மிதவைகளின் கழிவாகக் கீழே இறங்குகிறது. இந்த இறக்கம் மட்டும் இல்லாதிருந்தால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைக்கு இருப்பதைவிட 150 முதல் 200 பி.பி.எம். வரை கூடுதலாக இருந்திருக்கும் என்கிறார்கள். இறங்குவதை அளக்கப் படிவுப் பொறிகளைப் போடுகிறார்கள். பெரிய கூம்பு, அதன் அடியில் வட்டமாக அடுக்கிய குப்பிகள். குறித்த நாளில் ஒரு குப்பி விலகி அடுத்த குப்பி வாய்க்கு நேரே வரும். நங்கூரமிட்ட கயிற்றில் மாதக்கணக்காக இருட்டில் தொங்கும். கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986 முதல் அரபிக்கடலில் இப்படிப் பொறிகளை இறக்கின. ஆர்.ஆர். நாயர் குழு 1989இல் 'நேச்சர்' இதழில் எழுதிய முடிவு: ஆழத்தில் விழும் துகள்கள் இரண்டு பருவக்காற்றுக் காலங்களிலும் உச்சம் தொடுகின்றன. ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே, வெயிலே படாத நீரிலும் ஆடி மாதம் தெரிகிறது.

இன்னொரு வழி, தோரியம்-234. கடல் நீரில் கரைந்திருக்கும் யுரேனியம் சிதைந்து தோரியத்தை உண்டாக்குகிறது. யுரேனியம் நீரிலேயே இருக்கும். தோரியமோ துகள்களில் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். அதன் அரைவாழ்வு 24 நாள். மேல்நீரில் இருக்கவேண்டிய தோரியத்தில் எவ்வளவு காணோம் என்று பார்த்தால் கடந்த சில வாரங்களில் இறங்கிய துகள்களின் கணக்கு வந்துவிடும். 1995இல் அரபிக்கடலில் அமெரிக்கக் கப்பல்கள் இந்த அளவீட்டைச் செய்தபோது, ஆண்டின் பெரும்பகுதியில் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இறங்கியது தெரிந்தது. பங்கு கூடியது தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதியில். உற்பத்தி ஏறியதும் இறக்கமும் ஏறவில்லை, வாரங்கள் பிந்தியது. அன்றைய பச்சையத்தை ஒரு நிலையான பின்னத்தால் பெருக்கி அன்றைய இறக்கம் என்று சொல்லும் கணக்கு இங்கே தடுக்கி விழுகிறது.

நூறு மீட்டரைத் தாண்டிய பிறகும் சேதாரம் தொடர்கிறது. 1987இல் ஜான் மார்ட்டின் குழு பசிபிக் பொறிகளிலிருந்து எடுத்த விதிப்படி, நூறு மீட்டரைக் கடந்த கார்பனில் 500 மீட்டருக்குக் கால்பங்கு, 1,000 மீட்டருக்கு 14 விழுக்காடு, 2,000 மீட்டருக்கு 8 விழுக்காட்டுக்கும் குறைவாகவே போய்ச் சேரும். அரபிக்கடல் இந்த விதிக்கும் முழுதாக அடங்காது. இங்கே 150 மீட்டர் தொடங்கி 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் அற்றுப்போன நீர் இருக்கிறது. அதில் சிதைவு மெதுவாக நடக்கும். கூடுதல் கார்பன் தப்பிக் கீழே போகும். உலக அளவில் ஆண்டுக்கு இறங்கும் கார்பன் 500 கோடி டன் என்பாரும் உண்டு, 1,200 கோடி என்பாரும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மனிதர்கள் எரிபொருள் எரித்து ஆண்டுக்கு வெளிவிடும் சுமார் 1,000 கோடி டன் கார்பனில் பத்தில் ஏழு பங்கு.

இந்த நிலையில் கடலை உரமிட்டுப் பச்சையாக்கிக் கார்பனைப் புதைத்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு 2009 நினைவுக்கு வரும். இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென்பெருங்கடலுக்குப் போய், 300 சதுர கிலோமீட்டர் நீரில் இரும்புச் சல்ஃபேட்டைக் கரைத்தன. லோஹாஃபெக்ஸ் என்று பெயர். தலைமை விக்டர் ஸ்மெட்டாசெக், நம் நாட்டின் எஸ்.டபிள்யூ.ஏ. நக்வி. இரண்டு வாரத்தில் மிதவையுயிர்கள் இரு மடங்காயின. ஆனால் அந்த நீரில் சிலிக்கா இல்லை; கனமான டயட்டங்கள் வளர வழியில்லை. வளர்ந்த சிறு பாசிகளைக் கோப்பிபாட் என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான நுண்விலங்குகள் தின்று தீர்த்தன. பொறிகளும் தோரியமும் ஒன்றையே சொன்னன: உற்பத்தி கூடியது, இறக்கம் கூடவில்லை.

மேகத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க இப்போது உயிர்வேதி ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. இன்காய்ஸும் இவற்றை இந்தியக் கடல்களில் விடுகிறது. 1,000 மீட்டர் ஆழத்தில் தங்கி, சில நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை போய், அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் பச்சையம், ஆக்சிஜன், துகள் அடர்த்தி ஆகியவற்றை அளந்து, மேற்பரப்பில் தலைநீட்டிச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். மழை, மேகம் எதுவும் தடையில்லை. கண்ணுக்குப் படாத அந்த ஐம்பது மீட்டர்ப் பச்சை இவற்றுக்குத் தெரிகிறது. ஆனால் ஆயிரம் மீட்டரில் தங்குவதற்கென்று செய்த கருவி, சாளை மேயும் நாற்பது, ஐம்பது மீட்டர்க் கரையோரத்தில் தரைதட்டிவிடும். வலியதுறைக்கும் விழிஞ்ஞத்துக்கும் நேரே, ஜூலை மழையில், கடலில் எவ்வளவு விளைகிறது என்பதற்கு இன்றும் யாராவது படகேறிப் போய்ப் புட்டியில் நீர் பிடித்து வந்தாக வேண்டும்.